கட்டியாகாத ஜெலியும் உம்மம்மாவின் பால் கோப்பையும்

நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய வருடம் எங்கள் வீட்டில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. ஒன்று என் மீது. மற்றது எங்கள் உம்மம்மா மீது.

முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். நோன்புப் பெருநாளைக்கு அன்னாசி ஜெலி செய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கியிருந்தேன். வாப்பா சந்தையில் வாங்கி வந்த பழுத்த அன்னாசியைச் சிறு துண்டுகளாக வெட்டினேன். கொதிநீரில் கரைத்து ஆறவைத்த ஜெலியில் அவற்றைப் போட்டு முதல் நாள் மாலையே பிரிஜ்ஜில் வைத்தேன். பெருநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் சிவப்புத் தண்ணீரில் அன்னாசித் துண்டுகள் மிதந்துகொண்டிருந்தன. குளிர் போதவில்லையாக்கும் என்று நினைத்து ஐஸ் உறையும் தட்டில் வைத்தேன். கல்லாக உறைந்தது. விருந்தாளிகளின் கோப்பையில் போட்டுக் கொடுத்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, மறுபடியும் தண்ணீர்! “பக்கற்றுல எழுதியிருக்கிறத்த வாசிக்காம செஞ்சா இப்படித்தான்” என்றார் ராத்தா. நானோ தண்ணீரை இரண்டு முறை அளந்து ஊற்றியவள்.

உம்மம்மா மீதான குற்றச்சாட்டு இதைவிடப் பாரதூரமானது. கண் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் அவர் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். உடம்பு தேற வேண்டும் என்று உம்மா தினமும் இரவில் ஒரு பெரிய கோப்பை நிறையப் பால் கரைத்துக் கொடுப்பார். “எனக்கு வாணாம் மகள்” என்று உம்மம்மா மறுப்பார். குடித்தால் வயிறு ஊதி, உள்ளுக்குள் இரைந்து, இரவில் பல தடவை எழும்பிப் போக வேண்டியிருக்கும். வயதானவர்களின் பிடிவாதம் என்றுதான் நாங்கள் எல்லோரும் எண்ணினோம். ஒரு நாள் காலையில், கிணற்றடி முருங்கையின் அடியில் பால் ஊற்றப்பட்டிருப்பதை உம்மா கண்டுவிட்டார். பால்மா விற்கும் விலையில் உம்மாவுக்குக் கோபம் வந்ததும் நியாயம்தான். உம்மம்மா எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் காட்சி எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

அதற்கடுத்த தவணையில் எங்கள் உயிரியல் ஆசிரியை ‘நொதியங்கள்’ என்ற பாடத்தைத் தொடங்கினார். ஓரிரு வாரங்களில் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. எங்கள் வீட்டின் இரண்டு குற்றச்சாட்டுகளும் ஒரே பாடத்தைச் சேர்ந்தவை. ஜெலியில், தேவையில்லாத இடத்தில் ஒரு நொதியம் இருந்திருக்கிறது. உம்மம்மாவிடம், தேவையான இடத்தில் ஒரு நொதியம் குறைந்திருக்கிறது.

அன்புத் தோழியரே, பரீட்சைக்காக மனனம் செய்யும் பாடம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பெற்றோரும் ஒருமுறை வாசித்தால் நல்லது.

நொதியம் என்பது யாது?

உயிருள்ள கலங்கள் உண்டாக்கும் ஊக்கிகளே நொதியங்கள். ஊக்கி என்பது இரசாயனத் தாக்கமொன்றை விரைவுபடுத்திவிட்டு, தான் செலவாகாமல் மிஞ்சியிருக்கும் பொருள். சோற்றிலுள்ள மாப்பொருளை வெல்லமாக உடைக்க ஆய்வுகூடத்தில் அமிலம் சேர்த்து நீண்ட நேரம் கொதிக்க வைக்க வேண்டும். அதே வேலையை நமது உமிழ்நீர், கொதிப்பும் இல்லாமல் கடும் அமிலமும் இல்லாமல், வாய்க்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. ஒரு கவளம் சோற்றை விழுங்காமல் நீண்ட நேரம் மென்று பாருங்கள். மெல்ல மெல்ல இனிக்கத் தொடங்கும். அது அமைலேசு என்னும் நொதியத்தின் வேலை.

எந்தத் தாக்கமும் தொடங்குவதற்குக் குறிப்பிட்டளவு சக்தி வேண்டும். அதை ஏவற்சக்தி என்பர். தாக்கம் நடப்பதற்குத் தாண்ட வேண்டிய மேடு அது. நொதியம் அந்த மேட்டின் உயரத்தைக் குறைத்துவிடுகிறது. ஆகவே 37 பாகை செல்சியஸ் உடல் வெப்பத்திலேயே தாக்கம் விரைவாக நடந்து முடிகிறது. எவ்வளவு விரைவாக என்று கேட்டால் வியப்பாக இருக்கும். ஈரலில் நிறைந்திருக்கும் கற்றலேசு என்ற நொதியத்தின் ஒரே ஒரு மூலக்கூறு, ஒரு செக்கனில் பல இலட்சக்கணக்கான ஐதரசன் பரவொட்சைட்டு மூலக்கூறுகளை உடைக்க வல்லது.

நொதியங்கள் அநேகமாக எல்லாமே புரதங்கள். நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் மணிமாலைபோலக் கோக்கப்பட்டு, பின்னர் அந்த மாலை தனக்கே உரிய விதத்தில் மடிந்து சுருண்டு ஓர் உருவத்தைப் பெறுகிறது. அவ்வுருவத்தில் ஓரிடத்தில் சிறு பள்ளம் இருக்கும். அதுவே உயிர்ப்பு மையம். நொதியம் எந்தப் பொருளின் மீது தொழிற்படுகிறதோ அப்பொருள் கீழ்ப்படை எனப்படும். கீழ்ப்படை அப்பள்ளத்தில் வந்து பொருந்தும். உடையும், அல்லது இன்னொன்றுடன் இணையும். பின்னர் விலகிப் போகும். பள்ளம் அடுத்த மூலக்கூறுக்குத் தயாராகிவிடும்.

பூட்டுக்குத் திறப்புப் பொருந்துவதுபோல இது நிகழ்கிறது என்று ஜேர்மனிய விஞ்ஞானி எமில் பிஷர் 1894 இல் விளக்கினார். பூட்டு இரும்பாலானது, வளையாது. நொதியமோ நெகிழ்வானது. ஆகவே, கை நுழையும்போது கையுறை தன் வடிவைச் சரிசெய்துகொள்வதுபோல, கீழ்ப்படை வரும்போது உயிர்ப்பு மையமும் சற்று மாறிப் பொருந்துகிறது என்று அமெரிக்கரான டானியல் கோஷ்லண்ட் 1958 இல் அவ்விளக்கத்தைத் திருத்தினார். எப்படிப் பார்த்தாலும் அடிப்படை ஒன்றுதான்: நொதியத்தின் வேலை அதன் உருவத்தில் தங்கியுள்ளது. இந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டால் மீதிப் பாடம் முழுவதும் தானாக விளங்கும்.

நொதியம் புரதம்தான் என்று நிறுவியவரின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர் இளவயதில் வேட்டையின்போது நேர்ந்த விபத்தில் இடக் கையை இழந்தவர். அவர் இடக்கைப் பழக்கமுடையவர்! ஒற்றைக் கையுடன் இரசாயனவியல் படிப்பது சரிவராது என்று அவருக்கு அறிவுரை கூறப்பட்டது. அவர் கேட்கவில்லை. நம்மூர் வாளவரையின் நெருங்கிய உறவான ஓர் அவரையிலிருந்து யூரியேசு என்னும் நொதியத்தைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 9 வருடங்கள் உழைத்து, 1926 இல் அதைப் பளிங்காகப் பெற்றார். அது புரதம் என்று அவர் சொன்னபோது பெரிய விஞ்ஞானிகள் சிலர் ஏற்க மறுத்தனர். 1946 இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஜெலி ஏன் கட்டியாகவில்லை?

அன்னாசிப் பழத்தில் புரோமெலெயின் என்ற நொதியம் உண்டு. புரதங்களை வெட்டுவது அதன் தொழில். ஜெலி கட்டியாவது ஜெலட்டீன் என்னும் புரதத்தால். ஜெலட்டீனின் நீண்ட இழைகள் குளிரும்போது ஒன்றோடொன்று பின்னி வலைபோலாகி, நீரைத் தமக்குள் பிடித்துவைத்துக்கொள்கின்றன. நான் போட்ட பச்சை அன்னாசி அந்த இழைகளைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டது. வலை இல்லாத இடத்தில் நீர் எப்படி நிற்கும்?

இதை வெறும் வாயால் சொன்னால் ராத்தா நம்பமாட்டார் என்று நான்கு கோப்பைகளில் செய்து காட்டினேன். முதலாவதில் பச்சை அன்னாசியும் ஜெலியும். இரண்டாவதில் சில நிமிடங்கள் நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிய அன்னாசியும் ஜெலியும். மூன்றாவதில் டின்னில் அடைத்த அன்னாசியும் ஜெலியும். நான்காவதில் பச்சை அன்னாசியுடன், நோன்பு காலத்தில் நாம் வீடுகளில் காய்ச்சும் கடற்பாசி. முதலாவது மட்டும் தண்ணீராகவே இருந்தது. மற்ற மூன்றும் அழகாகக் கட்டியாகின.

இரண்டாவதும் மூன்றாவதும் கட்டியானதற்குக் காரணம் வெப்பம். டின்னில் அடைக்கும்போதும் பழத்தைச் சூடாக்குகிறார்கள். அதைப் பின்னர் பார்ப்போம். நான்காவது ஏன் கட்டியானது? கடற்பாசி புரதமல்ல, அது ஒரு காபோவைதரேற்று. புரதத்தை வெட்டும் நொதியத்துக்கு அதனோடு எந்த வேலையும் இல்லை. ஒரு நொதியம் தனக்குரிய கீழ்ப்படையில் மட்டுமே தொழிற்படும் என்று புத்தகத்தில் வரும் ‘தனித்துவம்’ என்ற இயல்பு இதுதான்.

இறைச்சி ஆக்கும்போது நம் வீடுகளில் பச்சைப் பப்பாசித் துண்டைச் சேர்ப்பதும் இதே காரணத்துக்காகவே. பப்பாசிப் பாலில் உள்ள பப்பெயின் இறைச்சியின் புரத நார்களை வெட்டி மென்மையாக்குகிறது. நம் மூதாட்டிகள் நொதியம் என்ற சொல்லைக் கேட்டதில்லை. ஆனாலும் பழுத்த பப்பாசியைவிடக் காய்தான் நன்றாக வேலை செய்யும் என்பதும், அதை அரைத்துப் பூசிச் சற்று நேரம் வைக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வெப்பநிலை: உறக்கமும் அழிவும்

எங்கள் ஆய்வுகூடத்தில் செய்த பரிசோதனை இது. நீர்த்த மாப்பொருட் கரைசலை மூன்று சோதனைக் குழாய்களில் எடுத்தோம். முதலாவதை நொறுக்கிய பனிக்கட்டி உள்ள முகவையிலும், இரண்டாவதை 37 பாகை வெந்நீரிலும் வைத்து, இரண்டுக்கும் உமிழ்நீர் சேர்த்தோம். மூன்றாவதில் முன்பே கொதிக்கவைத்த உமிழ்நீரைச் சேர்த்து, அதையும் 37 பாகை நீரில் வைத்தோம். நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு துளி எடுத்து, வெள்ளைத் தட்டில் உள்ள அயடீன் துளியுடன் கலந்தோம். மாப்பொருள் இருந்தால் கடுநீலம் தோன்றும். இல்லாவிட்டால் அயடீனின் மஞ்சட் கபில நிறமே எஞ்சும்.

37 பாகையில் இருந்த குழாய் சில நிமிடங்களிலேயே கடுநீலத்தை இழந்தது. பனிக்கட்டியில் இருந்ததும், கொதித்த உமிழ்நீர் சேர்த்ததும் கடைசிவரை நீலமாகவே இருந்தன. இரண்டும் ஒரே மாதிரித்தான் என்று நாங்கள் குறிப்பேட்டில் எழுதப் போனபோது, “அவசரப்படாதீங்க. பனிக்கட்டியில இருக்கிறதையும் வெந்நீருக்குள்ள மாத்துங்க” என்றார் ஆசிரியை. மாற்றினோம். பனிக்கட்டியிலிருந்து வந்த குழாயில் நீலம் மறையத் தொடங்கியது. கொதித்த உமிழ்நீர் உள்ள குழாய் எவ்வளவு நேரம் வைத்தும் மாறவே இல்லை.

குளிரில் நொதியம் அழிவதில்லை. மூலக்கூறுகளின் அசைவு குறைவதால், நொதியமும் கீழ்ப்படையும் சந்திப்பது அரிதாகிறது. வெப்பம் கூடக்கூடச் சந்திப்புகள் கூடும். குறித்த எல்லைக்குள் ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் தாக்கவேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். வேகம் உச்சமாக உள்ள வெப்பநிலையைச் சிறப்பு வெப்பநிலை என்கிறோம். மனித நொதியங்கள் பலவற்றுக்கு இது உடல் வெப்பத்தை அண்டியதாகும். அதற்கு மேலும் சூடாக்கினால் மடிப்புகளைப் பிடித்துவைத்திருக்கும் மென்மையான பிணைப்புகள் அறுந்து, உருவம் குலைந்து, உயிர்ப்பு மையம் இல்லாமற் போகும். இதுவே இயல்பிழத்தல். அவித்த முட்டை மறுபடியும் பச்சை முட்டையாகாதது போலத்தான் இதுவும்.

என் ஜெலி ஏன் ஐஸ் தட்டில் உறைந்தும் பயன்படவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உறைந்தது வெறும் நீர். ஜெலட்டீன் இழைகளை நொதியம் முன்பே வெட்டி முடித்திருந்தது. நான் செய்ய வேண்டியிருந்தது நேர்மாறான காரியம்: அன்னாசியை முதலில் கொதிக்க வைத்திருக்க வேண்டும்.

வெப்பத்தால் எல்லா நொதியங்களும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றுகளில் வாழும் ஒரு பக்டீரியாவின் நொதியம் 95 பாகை அளவுச் சூட்டையும் தாங்கும். கொரோனாக் காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட பீ.சி.ஆர். பரிசோதனை முறை வளர்ந்தது அந்நொதியத்தின் துணையால்தான். நாம் வீட்டில் பாவிக்கும் சலவைத்தூள் பலவற்றிலும் நொதியங்கள் உண்டு. வெள்ளைச் சீருடையில் கறிக் கறை பட்டால், கொதிநீரில் போடாமல் இளஞ்சூட்டு நீரில் தூளைக் கரைத்துச் சற்று நேரம் ஊறவைப்பது நல்லது. நொதியத்துக்குச் சூடு அளவாக வேண்டும், நேரமும் வேண்டும்.

அமில, காரத் தன்மை

ஒரு கரைசல் எவ்வளவு அமிலமானது அல்லது காரமானது என்பதைப் பீ.எச். பெறுமானத்தால் குறிப்பர். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பெறுமானம் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும். வாயில் இது ஏறத்தாழ 7. இரைப்பையில் ஏறத்தாழ 2. அதாவது நாம் விழுங்கும் சோறு சில செக்கன்களில் ஓர் இலட்சம் மடங்கு கூடிய அமிலத்துக்குள் விழுகிறது!

நொதியத்தின் மடிப்புகளிலும் உயிர்ப்பு மையத்திலும் நேர், மறை ஏற்றங்கள் உள்ளன. அமிலத்தன்மை மாறும்போது அவ்வேற்றங்களும் மாறுகின்றன. எனவே ஒவ்வொரு நொதியத்துக்கும் உகந்த ஒரு பீ.எச். பெறுமானம் உண்டு. உமிழ்நீர் அமைலேசு நடுநிலையை அண்டித் தொழிற்படுகிறது. இரைப்பையின் அமிலத்தில் அதன் வேலை நின்றுபோகும். அதே அமிலத்தில்தான் பெப்சின் உற்சாகமாகப் புரதங்களை வெட்டுகிறது. உணவு சிறுகுடலை அடைந்ததும் அமிலம் நடுநிலையாக்கப்படுகிறது. பெப்சின் ஓய்கிறது. ஏறத்தாழ 8 என்னும் மென்காரத்தில் திரிப்சின் பொறுப்பேற்கிறது. அஞ்சலோட்டத்தில் ஒருவர் கோலைக் கொடுத்ததும் அடுத்தவர் ஓடத் தொடங்குவதுபோல உணவு சமிபாடடைகிறது.

இதையும் அடுப்படியில் காணலாம். வெட்டிய வாழைப்பூவும் கத்தரிக்காயும் காற்றுப்பட்டதும் கறுப்பது ஒரு நொதியத்தால். வெட்டும்போது கலங்கள் உடைந்து, அந்நொதியம் ஒட்சிசனின் உதவியுடன் நிறமற்ற பொருள்களைக் கபிலமாக மாற்றுகிறது. உம்மா அவற்றை உடனே தேசிக்காய்ச்சாறு கலந்த தண்ணீரில் போட்டுவிடுவார். தண்ணீர் காற்றை மறிக்கிறது. தேசிக்காயின் அமிலம் நொதியத்தை முடக்குகிறது.

வழிமறிக்கும் பொருள்கள்

சில பொருள்கள் நொதியத்தோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுக்கும். அவற்றுக்கு நிரோதிகள் என்று பெயர். பூட்டுக்குள் முறிந்த திறப்புத் துண்டு சிக்கியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் உட்கொள்ளும் மருந்துகள் பலவும் நிரோதிகளே. பெனிசிலின், பக்டீரியா தன் கலச்சுவரைக் கட்டப் பயன்படுத்தும் நொதியத்தைத் தடுத்து அதைக் கொல்கிறது.

இதே தடை நமக்கு எதிராகவும் திரும்பலாம். வயற்பிரதேசங்களில் வாழும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். சேதன பொசுபரசு வகையைச் சேர்ந்த பூச்சிநாசினிகள், நரம்புச் செய்தி முடிந்ததும் அதைக் கடத்திய பொருளை அகற்றும் நொதியத்தின் உயிர்ப்பு மையத்தில் ஒட்டிக்கொள்கின்றன. நரம்பின் கட்டளை நிற்காமல் தொடர்கிறது. வியர்வையும் எச்சிலும் கண்ணீரும் பெருகும். கண்மணி சுருங்கும். தசைகள் துடிக்கும். இறுதியில் மூச்சு முட்டும். இந்த நஞ்சு வாயால் மட்டுமல்ல, தோலாலும் சுவாசத்தாலும் உடலினுள் போகும். மருந்து தெளித்துவிட்டு வரும் வாப்பாமாரும் காக்காமாரும் அதே உடுப்போடு பிள்ளையைத் தூக்காமல், உடுப்பைக் களைந்து சவர்க்காரம் போட்டுக் குளித்த பின்னரே வீட்டுக்குள் வர வேண்டும். மேற்சொன்ன அறிகுறிகள் கண்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே இதற்குச் சிகிச்சை உண்டு.

அளவு: உம்மம்மாவின் வழக்கு

பாடசாலை இடைவேளையில் கென்ரீனை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் பரிமாறுகிறார்கள். ஐந்து பிள்ளைகள் வந்தால் உடனே கொடுத்துவிடுவார்கள். இருபது பேர் வந்தால் கை ஓயாமல் கொடுப்பார்கள். ஐம்பது பேர் வந்தாலோ அதே வேகம்தான். அதற்கு மேல் அவர்களால் முடியாது. வேகம் கூட வேண்டுமானால் மூன்றாவது ஆள் வர வேண்டும். நொதியமும் அப்படியே. கீழ்ப்படையின் செறிவு கூடும்போது தாக்கவேகம் ஓர் எல்லைவரை கூடும். எல்லா உயிர்ப்பு மையங்களும் நிரம்பியதும் நின்றுவிடும். நொதியத்தின் அளவு கூடினால்தான் மேலும் கூடும்.

பாலில் உள்ள வெல்லம் லக்டோசு. அது இரண்டு சிறிய வெல்லங்கள் இணைந்தது. இணைந்தபடியே குடற்சுவரைக் கடக்க முடியாது. சிறுகுடலின் சுவரில் உள்ள லக்டேசு என்னும் நொதியம் அதைப் பிரிக்க வேண்டும். பால் குடிக்கும் குழந்தைகளிடம் இந்நொதியம் தாராளமாக உண்டு. பால்குடி மறந்த பின்னர், மனிதரில் பெரும்பாலானோரிடம் அது படிப்படியாகக் குறைகிறது. உலகின் வளர்ந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் நிலை இதுதான். வட ஐரோப்பியரிலும், தலைமுறை தலைமுறையாகக் கால்நடை வளர்த்த சில சமூகங்களிலுமே அது வயதான பின்னரும் பெரும்பாலானோரிடம் குறையாமல் இருக்கிறது.

லக்டேசு குறைந்தவர் ஒரு பெரிய கோப்பைப் பால் குடித்தால், இரண்டு பேர் நிற்கும் கென்ரீனுக்கு ஐம்பது பேர் வந்த கதைதான். பிரிபடாத லக்டோசு பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. வெல்லம் நீரையும் உள்ளே இழுக்கிறது. வயிறு ஊதல், இரைச்சல், வயிற்றோட்டம் எல்லாம் அதனால்தான். பாலை எவ்வளவு காய்ச்சினாலும் லக்டோசு போகாது. பால்மாவிலும் அது உண்டு.

இந்தப் பகுதியை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. முருங்கையடியும் தலைகுனிந்த உம்மம்மாவும் கண்முன் வந்தார்கள். காலையில் உம்மாவிடம் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். “படிக்கிற புள்ளைக்கு எல்லாத்துக்கும் ஒரு பேர் இருக்கும்” என்று முதலில் தட்டிவிட்டார். நானும் விடவில்லை. பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு வருத்தத்தைத் தீர்மானிப்பது சரியல்ல, வயிற்றுக் கோளாறுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஆகவே டொக்டரிடம் காட்டுவோம் என்றேன். டொக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார். இரண்டு வாரங்களுக்குப் பாலை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். முதல் வாரம் முடிவதற்குள்ளேயே உம்மம்மா இரவில் நிம்மதியாக உறங்கத் தொடங்கினார். அடுத்த முறை போனபோது, பாற்புரத ஒவ்வாமை இதிலிருந்து வேறானது என்றும், உம்மம்மாவுக்குத் தயிர் கொடுத்துப் பார்க்கலாம் என்றும் டொக்டர் விளக்கினார்.

தயிரும் பாலிலிருந்து வருவதுதானே என்று நீங்கள் கேட்கலாம். பால் உறையும்போது பக்டீரியாக்கள் தங்கள் நொதியங்களால் லக்டோசின் ஒரு பகுதியை உடைத்து இலற்றிக் அமிலமாக்கிவிடுகின்றன. தயிரின் புளிப்பு அதுதான். மீதியை உடைப்பதற்கும் தயிரோடு குடலுக்குள் போகும் பக்டீரியாக்களின் நொதியங்கள் கைகொடுக்கின்றன. சட்டியில் உறைந்த எருமைத் தயிர் உம்மம்மாவுக்கு ஒரு தொந்தரவும் செய்யவில்லை. கல்சியத்துக்கு நெத்தலியும் கீரையும் எள்ளும் இருக்கின்றன.

ஒரு நாள் மாலை உம்மா, உம்மம்மாவுக்கு அருகில் அமர்ந்து, “தெரியாம ஏசிட்டன் உம்மா” என்றார். உம்மம்மா சிரித்தார். “நான் சொன்னத்த நீங்க ஒருத்தரும் நம்பல்ல மகள். புள்ளட பொத்தகம் சொன்னத்தத்தான் நம்பினீங்க” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த வார்த்தை என் மனதில் தைத்துவிட்டது. நொதியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமலே, தன் உடம்பில் நடப்பதை உம்மம்மா சரியாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நாங்கள்தான் காதுகொடுக்கவில்லை. “வேண்டாம்” என்று ஒரு பிள்ளையோ முதியவரோ சொல்லும்போது, அதைப் பிடிவாதம் என்று முடிவுகட்டுவதற்கு முன்னர் “ஏன்?” என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்போமே. விஞ்ஞானம் தொடங்குவதும் அந்தக் கேள்வியில்தான்.

இப்போது உம்மம்மாவுக்கு மாலையில் பிளேன் டீதான். அதற்குள்ளும் ஒரு நொதியம் வேலை செய்து முடித்திருக்கிறது. மலைநாட்டுத் தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டி உருட்டும்போது இலைக்கலங்கள் உடைகின்றன. கத்தரிக்காயைக் கறுக்கச் செய்த அதே வகை நொதியம், காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து இலைக்குச் செம்பு நிறத்தையும் தேநீருக்குரிய சுவையையும் கொடுக்கிறது. பதம் வந்ததும் சூடேற்றி உலர்த்தி அந்நொதியத்தை நிறுத்திவிடுகிறார்கள். முதலிலேயே சூடாக்கி நிறுத்திவிட்டால் கிடைப்பது பச்சைத் தேயிலை.

இதை உம்மம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரி, இதுக்குள்ள சீனி போட மறந்துட்டியே” என்றார்.

அடுத்த பெருநாளைக்கு ஜெலி செய்யும் பொறுப்பு மறுபடியும் எனக்கே வந்திருக்கிறது. இம்முறை அன்னாசியை நன்றாகக் கொதிக்க வைத்த பின்னர்தான் போடுவேன்.